நூற்றுக்கு முப்பது

கடந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து கடையைத் திறந்த கையோடு என் தங்கையின் மகன் வந்து நின்றான். ஒலுவில் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று வெளியேறியவன். அவனும் இரண்டு கூட்டாளிமாரும் சேர்ந்து ஒன்றரை வருடமாக ஒரு கணனி விளையாட்டைச் செய்து கொண்டிருக்கிறார்கள். நமது கடற்கரையின் கரைவலைத் தொழிலை வைத்துச் செய்த சிறிய விளையாட்டு அது. "மாமா, முப்பதாயிரம் ரூபா கடனாத் தருவீங்களா?" என்று கேட்டான்.

எதற்கு என்று கேட்டேன். ஸ்டீம் என்ற அமெரிக்க இணையக் கடையில் அந்த விளையாட்டை விற்பனைக்கு வைக்க 100 டொலர் கட்டணமாம். அதைக் கட்டினால் போதுமா என்றேன். இல்லை, விற்கும் ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு முப்பது கடைக்குப் போகுமாம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கல்முனை பசாரில் இருபது வருடங்களுக்கு மேலாகக் கணனியும் உதிரிப் பாகங்களும் விற்று வருகிறேன். ஒரு சாமானில் பத்து வீதம் தேறினால் அல்ஹம்துலில்லாஹ் என்று பெட்டியை மூடுகிறவன் நான். அந்தக் கடைக்குச் சரக்கு அடுக்க றாக்கை இல்லை, லொறிக் கூலி இல்லை, விற்காமல் தேங்கிப் போகுமே என்ற பயம் இல்லை. அதற்கு முப்பது வீதமா? "ஏன் நீங்களே நேரடியா விக்க ஏலாதா? வாங்குறவன் உங்களுக்கிட்ட வாங்கட்டுமே" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அன்றிரவு நித்திரை வரவில்லை. கோபத்தில் சொன்னது சரிதானா என்று யோசித்தேன். அடுத்த சில நாட்கள் இதைப் பற்றித் தேடிப் படித்தேன், அவனையும் அழைத்து விசாரித்தேன். அறிந்து கொண்டதை இங்கே எழுதுகிறேன். விளையாட்டுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் நினைக்க வேண்டாம். சாரம் விற்கிறவரும் செருப்பு விற்கிறவரும் இன்று இணையச் சந்தைகளில் பொருள் போடத் தொடங்கியிருக்கிறார்கள். செய்தவனுக்கும் வாங்குகிறவனுக்கும் நடுவில் நிற்கும் கடைக்கு எவ்வளவு கொடுப்பது நியாயம் என்ற கேள்வி நம் எல்லோருடைய கேள்வியும்தான்.

முப்பது எப்படி வந்தது

ஸ்டீம் கடையை வால்வ் என்ற கம்பனி 2003 செப்டெம்பரில் ஆரம்பித்தது. முதலில் தனது சொந்த விளையாட்டுகளுக்காகவே அதை வைத்திருந்தது. 2005 தொடக்கம் மற்றவர்களின் விளையாட்டுகளையும் விற்கத் தொடங்கியது. அந்தக் காலத்தில் விளையாட்டு என்றால் அட்டைப் பெட்டிக்குள் வரும் சீ.டி. அதை வெளியிடும் கம்பனி, அச்சடிப்பவர், விநியோகஸ்தர், கடைக்காரர் என்று ஒவ்வொரு கையும் தன் பங்கை எடுத்த பிறகு, செய்தவனுக்கு மிஞ்சுவது சொற்பம். அந்த நிலையில் எழுபது உனக்கு, முப்பது எனக்கு என்று ஒரு கடை சொன்னபோது அது தாராளமாகத் தெரிந்தது. 2008 ஜூலையில் அப்பிள் கம்பனி கையடக்கத் தொலைபேசிக்கான தனது கடையைத் திறந்தபோதும் அதே முப்பதைத்தான் வைத்தது. முப்பது என்பது எழுதாத சட்டம் போல் ஆகிவிட்டது.

அது சட்டம் அல்ல, வெறும் வழமைதான் என்பதைப் பிற்காலம் காட்டியது. 2018 டிசம்பரில் எபிக் என்ற கம்பனி 12 வீதத்துக்கு ஒரு கடை திறந்தது. அதே காலப்பகுதியில் ஸ்டீமும் ஒரு சலுகையை அறிவித்தது. ஒரு விளையாட்டு ஒரு கோடி டொலருக்கு மேல் விற்றால், அதற்கு மேற்பட்ட தொகையில் 25 வீதம். ஐந்து கோடியைத் தாண்டினால் 20 வீதம். அதாவது பெரியவனுக்குக் குறைப்பு, சின்னவனுக்கு அதே முப்பது. புறக்கோட்டையில் கொள்முதல் செய்யும் நமக்கு இது புதிதல்ல. நூறு பெட்டி எடுக்கிறவனுக்கு ஒரு விலை, நான்கு பெட்டி எடுக்கிறவனுக்கு ஒரு விலை.

பிறகு அப்பிள் 2021 ஜனவரியிலிருந்து வருடம் பத்து இலட்சம் டொலருக்குக் குறைவாக உழைப்பவர்களுக்கு 15 வீதமாக்கியது. கூகுளும் 2021 ஜூலையிலிருந்து முதல் பத்து இலட்சம் டொலருக்கு 15 வீதமாக்கியது. எபிக் 2025 ஜூனிலிருந்து ஒவ்வொரு விளையாட்டுக்கும் வருடத்தின் முதல் பத்து இலட்சம் டொலருக்கு ஒன்றுமே எடுப்பதில்லை என்றது. கடைக்காரரின் மனம் இளகி இது நடக்கவில்லை. எதிரே இன்னொரு கடை திறந்ததாலும், வழக்கும் விமர்சனமும் வந்ததாலும் நடந்தது.

வெண்பாவின் கணக்கு

தமிழர் ஒருவரின் விளையாட்டை வைத்தே கணக்குப் பார்ப்போம். கனடாவின் டொரொண்டோ நகரில் உள்ள விசை கேம்ஸ் என்ற சிறிய நிறுவனம் 2023 ஜூலை 31இல் "வெண்பா" என்ற விளையாட்டை வெளியிட்டது. தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடியேறிய ஒரு குடும்பத்தின் கதை. தாயின் பழைய சமையல் குறிப்புப் புத்தகத்தில் அழிந்து போன வரிகளைக் கண்டுபிடித்து இட்லியும் புட்டும் பிரியாணியும் சமைப்பதுதான் விளையாட்டு. 2024இல் அமெரிக்காவில் சுயாதீன விளையாட்டுகளுக்கான விழாவின் பெரும் பரிசையும், பிரித்தானியாவில் பாஃப்டாவின் அறிமுகப் படைப்புக்கான விருதையும் பெற்றது. ஸ்டீம், நின்டெண்டோ, பிளேஸ்டேஷன், எக்ஸ்பொக்ஸ் ஆகிய கடைகளில் அது விற்பனைக்கு வந்தது.

அதன் அமெரிக்க விலை 14.99 டொலர். ஒரு டொலர் 300 ரூபா என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 4,500 ரூபா. கடையின் பங்கு முப்பது வீதம் என்றால் 1,350 ரூபா கடைக்கு, 3,150 ரூபா செய்தவருக்கு. அதிலிருந்துதான் வரி, சம்பளம், சித்திரம் வரைந்தவர், இசை போட்டவர், வருடக்கணக்கில் சாப்பிட்ட சாப்பாடு எல்லாம். இந்த 1,350 ரூபாவுக்குக் கடை செய்த வேலை என்ன? என் கோபம் இந்தக் கேள்வியில்தான் நின்றது. மருமகனிடமும் இதையே கேட்டேன்.

கடை செய்யும் வேலை

"நேரடியா வித்தா காசு எப்படி வரும் மாமா?" என்று அவன் திருப்பிக் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. பேபால் மூலம் நம் நாட்டிலிருந்து வெளிநாட்டுக்குப் பணம் கொடுக்கலாம், ஆனால் நம் நாட்டவர் பணம் பெற முடியாது என்பதே நீண்ட காலமாக நமது இளைஞர்கள் சொல்லி வந்த குறை. உள்ளூர் அட்டைகளுக்கு உள்ளூரில் வழி உண்டு. பிரேசிலில் இருக்கிறவன் தன் நாட்டுக் காசில் கட்ட வேண்டுமே! ஸ்டீம் அதை வாங்கி, ஒரு மாதத்தின் கணக்கை அடுத்த மாதத்தில் வங்கிக்கு அனுப்பிவிடும். நிலுவை 100 டொலரைத் தொட வேண்டும் என்பதே நிபந்தனை.

அடுத்தது வரி. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் ஒருவருக்கு இணையம் வழியாக இப்படியான பொருளை விற்றால், 2015 ஜனவரி 1 முதல் வாங்குகிறவர் வாழும் நாட்டின் வீதப்படி விற்பனை வரி கட்ட வேண்டும். ஜெர்மனியில் ஒன்று, பிரான்சில் ஒன்று. கடை வழியாக விற்றால் கடையே அதை அறவிட்டுக் கட்டிவிடும். நேரடியாக விற்றால் கல்முனையில் இருக்கும் மூன்று இளைஞர்கள் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நேரடி விற்பனைக்கும் செலவு உண்டு. அமெரிக்காவில் பிரபலமான ஒரு கட்டண நிறுவனத்தின் வழமையான அறவீடு 2.9 வீதமும் அதனுடன் 30 சதமும். பதினைந்து டொலர் விளையாட்டுக்கு இது எழுபத்தைந்து சதம் அளவில் முடிந்துவிடும், பாரமில்லை. ஒரு டொலருக்கு விற்கிறவனுக்கோ அந்த 30 சதம் மட்டுமே முப்பது வீதம்! சிறிய விலைப் பொருளில் நேரடி விற்பனை கடையை விட மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் வேலையும் கடையுடையது. 2015 ஜூனிலிருந்து ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காரணம் கேட்காமல் பணம் திரும்பும். பெயர் தெரியாத மூன்று பொடியன்களின் விளையாட்டை முன்பின் தெரியாத ஒருவன் துணிந்து வாங்குவது இந்த உத்தரவாதத்தால்தான். அந்த நூறு டொலரும் முழுதாகப் போய்விடுவதில்லை. விளையாட்டின் விற்பனை ஆயிரம் டொலரை எட்டினால் திரும்பக் கிடைக்கும்.

கடை செய்யாத வேலை ஒன்றும் உண்டு. விற்றுத் தருவேன் என்று அது வாக்குக் கொடுப்பதில்லை. 2024 என்ற ஒரே வருடத்தில் ஸ்டீமுக்கு 18,000க்கு மேற்பட்ட புதிய விளையாட்டுகள் வந்தன. கடைத் தெருவில் இடம் கிடைத்தது என்பதற்காகச் சனம் வந்து நிற்கும் என்று எண்ணுகிறவன் ஏமாந்து போவான்.

நேரடியாக விற்று வென்றவர்கள்

நேரடி விற்பனை இன்று பிறந்த புதுமை அல்ல. 1993 டிசம்பரில் வெளிவந்த "டூம்" என்ற விளையாட்டின் முதல் பகுதியை இலவசமாகக் கொடுத்தார்கள், எவரும் பிரதி எடுத்துப் பரப்பலாம் என்றார்கள். பிடித்துப்போனவர் மீதிப் பகுதிகளைச் செய்தவர்களிடமே பணம் கட்டித் தருவித்துக்கொண்டார். தொதல் கடைக்காரர் கத்தி முனையில் ஒரு துண்டு வெட்டி ருசி பார்க்கக் கொடுப்பாரே, அதே தந்திரம்தான்.

"மைன்கிராப்ட்" உங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்த பெயராக இருக்கும். 2009இல் சுவீடனைச் சேர்ந்த மார்கஸ் பெர்சன் அதை முற்றுப்பெறாத நிலையிலேயே தன் சொந்த இணையத்தளத்தில் விற்கத் தொடங்கினார். 2011 ஜனவரியில், முழுமையான பதிப்பு வருவதற்கு முன்பே, பத்து இலட்சம் பிரதிகள் விற்றுவிட்டன. 2014இல் மைக்ரோசொப்ட் 250 கோடி டொலர் கொடுத்து அந்தக் கம்பனியை வாங்கியது. கணனிப் பதிப்பு ஸ்டீம் கடையில் ஏறாமலேயே இவ்வளவும் நடந்தது. ஆனால் கையடக்கத் தொலைபேசிக்கும் எக்ஸ்பொக்ஸுக்கும் வந்த பதிப்புகள் கடை வழியாகத்தான் விற்பனையாயின. அங்கே வேறு வாசல் இருக்கவில்லை.

செக் நாட்டின் பிராக் நகரில் செய்யப்பட்ட "ஃபாக்டோரியோ" இரண்டு வழியையும் பிடித்தது. முதலில் தன் தளத்தில் விற்று ஆதரவாளர்களைச் சேர்த்தார்கள். 2016 பெப்ரவரியில் ஸ்டீமுக்குப் போனார்கள். சொந்தத் தளத்து விற்பனையை நிறுத்தவில்லை. விலைக் கழிவு கொடுப்பதில்லை என்பதைக் கொள்கையாகவே வைத்திருக்கிறார்கள். 2023 ஜனவரியில் 30 டொலர் விலையை 35 ஆக உயர்த்தவும் செய்தார்கள். தன் பொருளின் தரத்தில் நம்பிக்கை உள்ளவன் பெருநாள் மலிவு விற்பனைக்குப் பின்னால் ஓட வேண்டியதில்லை என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இன்னொரு நடைமுறையையும் மருமகன் சொல்லித் தந்தான். விளையாட்டைச் செய்தவர் கேட்டால் ஸ்டீம் கடை "சாவி" எனப்படும் இரகசிய எண்களை இலவசமாகக் கொடுக்கும். அதைச் செய்தவர் தன் தளத்தில் விற்கலாம், வாங்கியவர் ஸ்டீமில் போட்டு விளையாடலாம். அந்த விற்பனையில் ஸ்டீமுக்கு முப்பது இல்லை. ஸ்டீமில் வாங்குகிறவருக்கு மோசமான விலை வைத்துவிட்டு வெளியே மலிவாக விற்கக் கூடாது என்பது நிபந்தனை. ஆகவே வாங்குகிறவருக்கு விலை ஏறக்குறைய ஒன்றுதான். யாரிடம் வாங்குகிறார் என்பதைப் பொறுத்து அந்த முப்பது யாருக்கு என்பது மாறுகிறது.

வாங்குகிறவர் பார்க்க வேண்டியவை

பிள்ளை கேட்டதற்காக நம்மில் பலர் வங்கி அட்டையைக் கொடுத்துவிடுகிறோம். கொடுக்கு முன் மூன்று விடயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது விலை. 2022இல் சில மாதங்களுக்குள் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தொட்டது. பதினைந்து டொலர்ப் பொருள் 3,000 ரூபாவிலிருந்து 5,400க்குப் போனது. ஸ்டீம் கடையில் இலங்கை, பாகிஸ்தான், பங்களாதேஷ், நேபாளம், பூட்டான் ஆகிய நாடுகளுக்கென்று தனி டொலர் விலை வைக்கும் வசதி செய்தவருக்கு உண்டு. அதனால் அமெரிக்க விலையை விடக் குறைவாகக் கிடைக்கலாம். செய்தவரின் தளத்தில் அந்த வேறுபாடு இல்லாமல் முழு அமெரிக்க விலையே இருக்கவும் கூடும். நேரடி என்பதற்காகவே மலிவு என்று நினைக்கக் கூடாது.

இரண்டாவது, வாங்கியது உண்மையில் உங்களுடையதா? 2024 மார்ச் 31இல் யூபிசொப்ட் கம்பனி "த க்ரூ" என்ற தன் விளையாட்டின் சேவையை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்கள் அதற்குப் பிறகு அதை விளையாட முடியவில்லை. கடையில் வாங்கியவருக்கும் கம்பனியிடமே வாங்கியவருக்கும் கதி ஒன்றுதான். அதே வருடம் செப்டெம்பரில் கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. பாவிக்கும் அனுமதியை மட்டும் விற்கிறவர், அதைத் தெளிவாகச் சொல்லாமல் "வாங்குங்கள்" என்ற சொல்லைப் போடக் கூடாது. 2025 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. போலந்து நாட்டவர்கள் 2008இல் தொடங்கிய ஜி.ஓ.ஜி. என்ற கடை, முழு விளையாட்டையும் பூட்டு இல்லாத கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ள விடுகிறது. எனவே நேரடியா, கடையா என்று கேட்பதோடு, கோப்பு கையில் கிடைக்கிறதா என்றும் கேளுங்கள்.

மூன்றாவது, அரை விலைக்குச் சாவி விற்கும் மூன்றாம் தரப்புச் சந்தைகள். திருட்டு அட்டைகளால் வாங்கிய சாவிகள் அங்கே வருகின்றன என்றும், வங்கி பணத்தைத் திருப்பி எடுக்கும்போது தாங்களே நட்டப்படுகிறோம் என்றும் விளையாட்டுச் செய்கிறவர்கள் பலர் பகிரங்கமாக முறையிட்டிருக்கிறார்கள். மலிவு என்று அங்கே போகிறவர், செய்தவருக்கு ஒன்றும் போய்ச் சேராத வழியில் நிற்கக்கூடும்.

சந்தைக்கு வெளியே நடக்கும் பேரம்

நடுவில் ஆள் இல்லாவிட்டால் நியாயம் தானாக வந்துவிடும் என்று நான் நினைத்ததும் பிழைதான். சரக்குடன் வரும் வணிகக் கூட்டத்தைச் சந்தைக்கு வருமுன் வழியிலேயே எதிர்கொண்டு வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்பது நமது வியாபாரிகள் பயான்களில் கேட்டதே. அந்தப் பேரத்தில் இடைத்தரகர் இல்லை, நேரடிக் கொள்வனவுதான். ஆனால் விற்க வந்தவருக்குச் சந்தை விலை தெரியாது. அநியாயம் அங்கேதான் புகுகிறது.

சம்மாந்துறைப் பக்கம் அறுவடைக் காலத்தில் நாம் காண்பதும் இதுதானே. கடன்காரன் வாசலில் நிற்கும்போது, ஈரம் காயாத நெல்லை வயலிலேயே கொடுத்துவிடுகிற விவசாயி நேரடியாகத்தான் விற்கிறார். விலையை வைப்பவர் அவரல்ல. சந்தை என்பது பலரும் பார்க்கும் இடம். அங்கே விலை வெளிச்சத்துக்கு வரும். இணையக் கடையிலும் அந்த நன்மை உண்டு: விலை எல்லோருக்கும் தெரியும், வாங்கியவர்களின் அபிப்பிராயம் கீழே எழுதப்பட்டிருக்கும். அந்த வெளிச்சத்துக்கு ஒரு கூலி கொடுப்பதில் தவறில்லை. ஆனால் சந்தைக்குச் சொந்தக்காரர் ஒருவரே ஆகி, வேறு சந்தைக்கு வழி சொல்லவும் கூடாது என்று வாயைக் கட்டினால் அது வேறு விடயம்.

அந்த வாய்க்கட்டை எதிர்த்துத்தான் எபிக் கம்பனி 2020 ஓகஸ்ட் 13இல் அப்பிள் மீது வழக்குப் போட்டது. தன் விளையாட்டுக்குள் நேரடியாகப் பணம் கட்டினால் விலை குறைவு என்று அது அறிவித்த அன்றே அப்பிள் அதைத் தன் கடையிலிருந்து நீக்கியிருந்தது. 2021 செப்டெம்பரில் வந்த தீர்ப்பில் பெரும்பாலான குற்றச்சாட்டுகளில் அப்பிளே வென்றது. ஆனால் வெளியே வேறு வழியில் பணம் கட்டலாம் என்று வாடிக்கையாளருக்குச் சொல்வதைத் தடுக்க முடியாது என்றார் நீதிபதி. அப்பிள் அந்த வெளி விற்பனைக்கும் 27 வீதம் வரை கேட்டபோது, 2025 ஏப்ரல் 30இல் அது நீதிமன்றக் கட்டளையை மீறியதாகத் தீர்மானிக்கப்பட்டது. அதற்குப் பிறகும் மேன்முறையீடுகள் தொடர்ந்தன. பிணக்கின் வேர் முப்பது வீதத்தில் மட்டும் இல்லை. வாடிக்கையாளருடன் பேசும் உரிமை யாருக்கு என்பதிலும் இருக்கிறது.

வாடிக்கையாளர் யாருடைய ஆள்?

இதைத்தான் நமது வியாபாரிகள் மனதில் வைக்க வேண்டும். மருதமுனையில் கைத்தறிச் சாரமும் சேலையும் விற்கும் நண்பர் ஒருவர் நான்கு வருடங்கள் ஒரே ஒரு சமூக வலைத்தளப் பக்கத்தை நம்பி வியாபாரம் செய்தார். நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரம் அந்தப் பக்கம் திடீரென்று முடக்கப்பட்டது. யாரிடம் முறையிடுவது என்றே தெரியவில்லை. கொழும்பிலும் கண்டியிலும் கட்டாரிலும் இருந்த நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களில் அவர் கையில் தொலைபேசி இலக்கம் இருந்தது பதினொரு பேருக்கு மட்டுமே. தறி அவருடையது, நூல் அவருடையது, வாடிக்கையாளர் மட்டும் வேறொருவரின் ஆள்.

நமது வாப்பாமாரின் கடைகளில் ஒரு கொப்பி இருக்கும். கடன் கொப்பி என்றுதான் அதற்குப் பெயர். ஆனால் யார், எந்த ஊர், என்ன வாங்குவார், எப்போது வருவார் என்ற முழுச் சரித்திரமும் அதில் இருக்கும். கடை எரிந்தாலும் கொப்பி தப்பினால் வியாபாரம் தப்பும் என்பார்கள். இணையச் சந்தையில் விற்கிறவர் முப்பது வீதத்துடன் சேர்த்து இந்தக் கொப்பியையும் கொடுத்துவிடுகிறார். முப்பதை விட அதுதான் பெரிய விலை என்பது என் கருத்து.

ஆகவே என் முடிவு இது. நம்மைத் தெரியாதவர் நம்மைக் கண்டுபிடிக்கக் கடை வேண்டும், அதற்குரிய கூலியைக் கொடுக்கலாம். நம்மைத் தெரிந்தவர் நம்மிடம் நேரடியாக வர ஒரு வாசலும் வேண்டும், அந்த வாசலை மூடி வைக்கக் கூடாது. கடையில் பொருள் போடு முன் அந்தக் கூலிக்கு என்ன வேலை நடக்கிறது என்று ஒவ்வொன்றாக எழுதிப் பார்க்க வேண்டும். வேலை இல்லாத கூலி என்றால் அடுத்த கடைக்குப் போகலாம். வாங்கும்போதும் இதே நியாயம்தான். முன்பின் அறியாதவரின் பொருளைக் கடையில் வாங்குவது பாதுகாப்பு. செய்தவரை அறிந்து, விலையும் ஒன்றாக இருந்தால், அவர் கையில் வாங்குவது அவருக்கு நாம் செய்யும் உதவி.

என் பழைய கணக்கு

இன்னொன்றையும் எழுதாவிட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இராது. 2002இல் யுத்த நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, கொழும்புக்குப் போய்வரும் பாதை இலகுவான பிறகுதான் நான் கடை திறந்தேன். புறக்கோட்டையில் விளையாட்டுகளின் கொபி சீ.டி.க்களை 40 ரூபாவுக்கு எடுத்து வந்து 100 ரூபாவுக்கு விற்றேன். பாடசாலை விட்டதும் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வந்ததும் தெரியும், அது தவறு என்பதும் தெரியும். எல்லோரும் விற்கிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்த நூறு ரூபாவில் செய்தவனுக்கு எழுபதும் போகவில்லை, ஒரு சதமும் போகவில்லை. சில வருடங்களில் அந்த வியாபாரத்தை விட்டுவிட்டேன், ஆனால் உழைத்தது உழைத்ததுதான். இன்று என் மருமகனின் உழைப்பில் முப்பது எடுக்கிறார்களே என்று கொதித்த எனக்கு, எங்கோ இருந்த யாரோ ஒருவரின் மருமகனுக்கு நான் என்ன கொடுத்தேன் என்று கேட்க இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

போன வாரம் அவனைக் கூப்பிட்டு முப்பதாயிரத்தைக் கையில் கொடுத்தேன். கடன் இல்லை என்றேன். இரண்டு நிபந்தனைகள் மட்டும் போட்டேன். ஸ்டீமில் வைக்கிற அன்றே சொந்தத் தளத்திலும் விற்க வேண்டும், நம் நாட்டு அட்டைகளுக்கு வழி வைக்க வேண்டும். வாங்குகிறவர் சம்மதித்தால் அவர் பெயரையும் மின்னஞ்சலையும் ஒரு கொப்பியில் எழுதி வைக்க வேண்டும். "கொப்பியா மாமா?" என்று சிரித்தான். கணனியிலேயே எழுதிக்கொள், ஆனால் அது உன் கணனியாக இருக்கட்டும் என்றேன்.

அமெரிக்க வரிப் படிவத்தை இப்போது நிரப்பிக் கொண்டிருக்கிறான். நம் நாட்டுக்கும் அமெரிக்காவுக்கும் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் உண்டு என்பதையும், அந்தப் படிவத்தில் அதைச் சரியாகக் குறிப்பிடாவிட்டால் கூடுதலாகப் பிடித்துக்கொள்வார்கள் என்பதையும் அவன்தான் எனக்குச் சொன்னான். விளையாட்டு நோன்புக்கு முன் வெளிவரும் என்கிறான். நூறு பேர் வாங்கினால், எத்தனை பேர் கடை வழியாக வந்தார்கள், எத்தனை பேர் நேரடி வாசலால் வந்தார்கள் என்ற கணக்கை, இன்ஷா அல்லாஹ், இதே பக்கத்தில் எழுதுகிறேன்.